2,86,000 கிலோமீட்டர் ஓடிய பெட்ரோல் வண்டி: ரிங்கா, வால்வா, ஹெட் கேஸ்கட்டா?

பழைய வண்டிக்காரன்:

வணக்கம். என்னுடையது 19 வருடப் பழைய பெட்ரோல் கார். நாலு சிலிண்டர், இன்ஜெக்‌ஷன் வண்டி, மீட்டரில் 2,86,000 கிலோமீட்டர். நான் மூன்றாவது ஓனர். என் கைக்கு வந்து 6 வருடம் ஆகிறது. இப்போது இன்ஜினுக்குள் ஏதோ சரியில்லை. ஆளுக்கொன்று சொல்வதால் குழம்பிப்போய் இங்கே எழுதுகிறேன்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் சைலன்சரிலிருந்து நீலப் புகை ஒரு கொத்து வருகிறது. பத்து விநாடியில் நின்றுவிடும். நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டு இறங்கி, கீழே வந்து மிதித்தால் மறுபடி ஒரு கொத்து. இதைப் பின்னால் வண்டியில் வந்த என் தம்பிதான் பார்த்துச் சொன்னான். ஆயில் 1,200 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிக்கிறது.

இரண்டாவது, ஐடிலிங்கில் மிஸ்ஸிங். வண்டி சூடேற ஏற அது கூடுகிறது. இன்ஜின் விளக்கு எரிந்தது. ஸ்கேனரில் பி0303, அதாவது 3-ஆம் சிலிண்டர் மிஸ்ஸிங். அந்தச் சிலிண்டருக்குப் பொறி தரும் காயிலைக் கழற்றி 2-க்கு மாற்றிப் போட்டோம், நாலு ப்ளக்கும் புதிது போட்டோம், இன்ஜெக்டரையும் மாற்றிப் பார்த்தோம். கோளாறு 3-ஐ விட்டு நகரவில்லை.

மூன்றாவது, குளிர்ந்த இன்ஜினில் "டிக் டிக்" என்று ஒரு சத்தம். ஐந்து நிமிடத்தில் போய்விடும். அதன் பிறகு டேப்பட் (வால்வை அழுத்தித் திறக்கும் பாகம்) சத்தம்கூடத் துளியும் இருக்காது. அந்த ஒரு விஷயத்தில் வண்டி புதுசு மாதிரி.

ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெளுத்த பசை போல ஒட்டியிருக்கிறது. கூலன்ட் குறையவில்லை. டெம்பரேச்சர் முள்ளும் நடுவிலேயே நிற்கிறது.

முதல் மெக்கானிக் புகையைப் பார்த்துவிட்டு "ரிங் போச்சு, இன்ஜினை இறக்கணும்" என்றார், பிஸ்டனைச் சுற்றி இருக்கும் வளையமாம். அடுத்தவர் மூடியைத் திறந்து பார்த்து "ஹெட் கேஸ்கட்" என்றார், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் தகடு. மூன்றாமவர் போனில் சத்தத்தைக் கேட்டே "ராட் பேரிங்", அதாவது பிஸ்டன் ராட் கிராங்கோடு சேரும் இடத்து பேரிங், என்று முடித்துவிட்டார். யாரைக் கேட்பது? முன்பு இருந்தவர் கேஸ் கிட் போட்டு ஓட்டியிருக்கிறார். இப்போது டிக்கியில் அதன் ஆணித் துளைகள் மட்டும்தான் மிச்சம். இது தேவையா என்று தெரியவில்லை, சொல்லி வைக்கிறேன்.

ரெண்டே வரி:

19 வருடம், மூன்று லட்சத்தை நெருங்கிவிட்டது. பிரித்தால் ஒன்று போய் ஒன்பது வேலை கிளம்பும். நல்ல நிலையில் உள்ள வேறு இன்ஜினைத் தேடிப் போட்டுவிட்டு நிம்மதியாக ஓட்டுங்கள்.

பதினாலாம் நம்பர் ஸ்பானர்:

தம்பி, கொஞ்சம் பொறுங்கள். வேறு இன்ஜின் போடச் சொல்கிறவர் அந்த வேறு இன்ஜினின் உள்ளே என்ன இருக்கிறது என்றும் சொல்ல வேண்டுமே!

நான் 31 வருடம் இந்த வேலை பார்த்தவன். வலது காது பாதி போய்விட்டது, இடது காதில் நீள ஸ்க்ரூ டிரைவரை வைத்துத்தான் கேட்பேன். மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னதில் ஆச்சரியம் இல்லை. ஒருவர் கண்ணால் பார்த்தார், ஒருவர் மூடியைப் பார்த்தார், ஒருவர் காதால் கேட்டார். ஒருவரும் கேஜ் வைத்து அளக்கவில்லை. இந்தப் பாவத்தை நானும் செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த நாலாவது வருடம், நீலப் புகை விட்ட ஒரு இன்ஜினை இறக்கி, சிலிண்டரைப் போர் அடித்து (கடைந்து), புது பிஸ்டன், ரிங் எல்லாம் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் காலை அதே புகை. வால்வுத் தண்டில் ஆயிலைத் தடுக்கும் வால்வு சீல் எல்லாம் கல்லாக இறுகியிருந்தன. ஹெட்டை அப்படியே தூக்கி வைத்துவிட்டு அடியில் வேலை பார்த்திருக்கிறேன்! அன்றிலிருந்து அளக்காமல் ஸ்பானரைத் தொடுவதில்லை.

முதலில் உங்கள் புகை. எந்த நிறம் என்பதோடு நின்றுவிடக் கூடாது, எந்த நேரத்தில் வருகிறது என்று பார்க்க வேண்டும். ராத்திரி முழுக்க வண்டி நிற்கும்போது ஹெட்டில் தங்கிய ஆயில், இறுகிப்போன சீல் வழியாக வால்வுத் தண்டோடு கசிந்து கீழே இறங்கும். காலையில் அது எரிந்து பத்து விநாடியில் தீர்ந்துவிடும். இறக்கத்தில் காலை எடுத்தால் த்ராட்டில் மூடிக்கொள்ளும், இன்டேக்கில் வேக்குவம் பலமாக ஏறும், அது வால்வு கைடு வழியாக ஆயிலை உறிஞ்சும். மிதித்தவுடன் அது புகையாக வெளியே வரும். நீங்கள் எழுதியது இரண்டும் அப்படியே பொருந்துகிறது. ரிங் தேய்ந்திருந்தால் ஏற்றத்தில் பாரத்தோடு மிதிக்கும்போது, மிதிக்கும் வரை, விடாமல் புகை வரும். ஒரு நல்ல ஏற்றத்தில் தம்பியைப் பின்னால் வரச் சொல்லிப் பாருங்கள்.

ஐடிலிங்கில் ஆயில் மூடியைத் திருகிக் கழற்றி, சும்மா துளையின் மேல் வையுங்கள். ரிங் வழியாக காற்று கீழே அடித்தால் மூடி குதிக்கும், புகையும் குப்குப்பென்று வரும். ஆனால் அதற்கு முன்னால் பிசிவி வால்வை (இன்ஜினுக்குள் சேரும் காற்றை இன்டேக்குக்கு விடுவது) கழற்றி ஆட்டிப் பாருங்கள். அது கரியில் அடைத்துக்கொண்டாலும் உள்ளே அழுத்தம் ஏறி, ரிங் போன மாதிரியே நாடகம் போடும். அந்தச் சின்ன வால்வுக்காக இன்ஜினை இறக்கியவர்களும் உண்டு.

மூடியில் இருக்கும் பசைக்கு இப்போதைக்குப் பயப்பட வேண்டாம். பக்கத்திலேயே ஓட்டி நிறுத்தும் வண்டியில் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராது. உள்ளே வேர்க்கும் ஈரம் ஆயிலோடு கலந்து மூடியில் ஒட்டும். ஆயில் குச்சியிலும் ஆயில் வெளுத்திருக்கிறதா, கூலன்ட் குறைகிறதா, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த முதல் நிமிடத்திலேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகுகிறதா என்று பாருங்கள். மூன்றும் இல்லையென்றால் ஹெட் கேஸ்கட்டைக் கடைசி வரிசையில் உட்கார வையுங்கள்.

இப்போது முக்கியமான சங்கதி. நீங்கள் போகிற போக்கில் எழுதிய இரண்டு வரிகளில்தான் என் கண் நின்றது. ஒன்று, கேஸில் ஓடிய வண்டி. இன்னொன்று, டேப்பட் சத்தமே இல்லை என்று நீங்கள் பெருமையாகச் சொன்னது. கேஸில் ஓடும்போது எக்ஸாஸ்ட் வால்வும் அது உட்காரும் சீட்டும் சீக்கிரம் தேயும். சீட் தேயத் தேய வால்வு மேலே ஏறும், டேப்பட் இடைவெளி சுருங்கிக்கொண்டே போகும். கடைசியில் வால்வு முழுசாக மூடாது. சூடானால் வால்வுத் தண்டு இன்னும் கொஞ்சம் நீளும். அதனால்தான் சூட்டில் மிஸ்ஸிங் கூடுகிறது. சத்தம் போடும் டேப்பட்டால் காதுக்குத்தான் தொல்லை. சத்தமே போடாத டேப்பட்தான் வால்வைச் சுடும்.

இதெல்லாம் இப்போதைக்கு என் யூகம். ப்ளக் துளையில் கேஜ் மாட்டி கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை, அளந்த பிறகுதான் பேச்சு. இன்ஜின் சூடாக இருக்கட்டும், பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும். பெட்ரோல் பம்ப் ஃப்யூஸையும் காயில் கனெக்டர்களையும் கழற்றிவிடுங்கள். நாலு ப்ளக்கையும் எடுத்துவிட வேண்டும், ஒன்றை மட்டும் எடுத்தால் அளவு தப்பாக வரும். ஒருவர் ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்திப் பிடித்தபடி செல்ஃப் அடிக்கட்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் அதே ஆறு சுற்று. கடைசி அளவோடு முதல் அடியில் முள் எவ்வளவு ஏறுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ரிங் தேய்ந்த சிலிண்டரில் முதல் அடி குறைவாக இருந்து, அடிக்கு அடி ஏறிக்கொண்டே போகும். வால்வு மூடாத சிலிண்டர் குறைவாக ஆரம்பித்துக் குறைவாகவே நின்றுவிடும்.

பிறகு ஒவ்வொரு ப்ளக் துளையிலும் 5 மில்லி ஆயில், ஒரு சின்ன ஸ்பூன் அளவு விட்டு, மறுபடி அளங்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங். ஏறாவிட்டால் மேலே கோளாறு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் ஜோடியாகக் குறைந்தால் நடுவில் கேஸ்கட் எரிந்திருக்கலாம். நாலு எண், பிறகு நாலு எண். எட்டையும் இங்கே எழுதுங்கள்.

கரும்புகை:

பெரியவர் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. சத்தத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதில் சூடு பட்டவன் நான்.

என் பழைய வண்டியில் ராட் பேரிங்தான் போனது. முதலில் சூடான இன்ஜினில், ஐடிலிங்கில் ஆயில் விளக்கு லேசாக மினுக்கியது. சென்சார் கோளாறு என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த விளக்கு எரியும்போது பெரும்பாலான வண்டிகளில் அழுத்தம் 5 பிஎஸ்ஐ பக்கம் வந்துவிட்டது என்று அர்த்தம், அதாவது விளக்கு எரியும்போதே காலம் கடந்துவிட்டது. அடுத்த மாதம் ரேஸ் கொடுத்து 2,500 சுற்றில் நிறுத்திக் காலை எடுத்தால் உள்ளிருந்து "டொக் டொக்" என்று சுத்தியல் சத்தம். சூடானால் கூடும், குறையாது. கடைசியில் ராட் உடைந்து பிளாக்கில் ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. நடு ரோட்டில் ஆயில் குளம்.

உங்கள் சத்தம் நேர் எதிர். குளிரில் இருந்து சூட்டில் மறைகிறது. அது ராட் பேரிங்கின் குணம் இல்லை. பிஸ்டன் சிலிண்டர் சுவரில் தட்டும் சத்தம் அப்படி மறையும், அது "டப் டப்" என்று சற்றுக் கனமாக இருக்கும். மெல்லிய "டிக் டிக்" என்றால் ஹெட்டிலிருந்து புகையை வெளியே எடுக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைப் பாருங்கள். ஹெட்டோடு சேரும் இடத்தில் ஸ்டட் போல்ட் உடைந்தாலோ கேஸ்கட் போனாலோ குளிரில் கசியும், இரும்பு சூடாகி விரிந்ததும் அடைத்துக்கொள்ளும். டார்ச் அடித்துப் பாருங்கள், கசியும் இடத்தில் கரிக்கோடு இழுத்திருக்கும்.

மனசு ஆறவில்லையென்றால் ஆயில் சென்சாரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு கேஜ் மாட்டுங்கள். சூடான இன்ஜினில் 1,000 சுற்றுக்கு 10 பிஎஸ்ஐ என்பது பொதுவான கணக்கு. உங்கள் இன்ஜினுக்கு உரிய அளவு சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். அடுத்த ஆயில் மாற்றும்போது ஃபில்டரை அறுத்து, மடிப்புக் காகிதத்தை வெயிலில் விரித்துப் பாருங்கள். செம்பு நிறத்தில் மினுக்கினால் பேரிங். நான் அறுத்துப் பார்க்கவே இல்லை.

பழைய வண்டிக்காரன்:

அளந்தாயிற்று. கேஜை இரவல் வாங்கினேன், தம்பி ஆக்சிலேட்டரை மிதித்தான்.

1-ஆம் சிலிண்டர் 172, 2-ஆம் சிலிண்டர் 168, 3-ஆம் சிலிண்டர் 96, 4-ஆம் சிலிண்டர் 165 பிஎஸ்ஐ. ஆயில் விட்ட பிறகு 180, 178, 100, 174. 3-இல் முதல் அடியே தளர்ச்சிதான், பிறகும் பெரிதாக ஏறவில்லை. இரண்டு முறை திரும்பத் திரும்ப அளந்தேன். கேஜ்தான் பொய் சொல்கிறதோ என்று 1-க்கு மாற்றியும் பார்த்தேன்.

ஆயில் மூடி குதிக்கவில்லை. பிசிவி வால்வை ஆட்டினால் சத்தமே இல்லை, அடைத்துக்கொண்டு கிடந்தது. புதிது போட்டுவிட்டேன். ஏற்றத்தில் புகை இல்லை என்று தம்பி சாட்சி சொல்கிறான். 4-ஆம் சிலிண்டர் பக்கம் மேனிஃபோல்டில் கரிக்கோடு இருக்கிறது, ஒரு ஸ்டட்டின் தலையையே காணோம். கரும்புகை அண்ணனுக்கு நன்றி.

ஒரு சந்தேகம். தடித்த ஆயில் ஊற்றினால் புகை குறையும், இன்ஜின் ஃப்ளஷ் போட்டால் கம்ப்ரஷன் ஏறும் என்று நண்பர் சொல்கிறார். செய்யலாமா?

பதினாலாம் நம்பர் ஸ்பானர்:

96 நூறாகியிருக்கிறது. அதை ஏற்றம் என்றே சொல்ல முடியாது. ரிங் பிழைத்தது தம்பி. 172, 168, 165 எல்லாம் இத்தனை கிலோமீட்டர் ஓடிய இன்ஜினுக்கு நல்ல அளவு. சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 10, 15 சதவிகிதத்துக்குள் இருந்தால் நான் தொட மாட்டேன். 3 மட்டும் நாற்பது சதவிகிதத்துக்கு மேல் கீழே கிடக்கிறது. ஒன்று தனியாகக் கிடப்பதால் பக்கத்துச் சிலிண்டரோடு சேர்ந்து எரிந்த கேஸ்கட்டும் இல்லை.

தடித்த ஆயில் புகையைக் கொஞ்சம் மறைக்கும். இறுகிப்போன சீல் அதனால் இளகிவிடாது. காலையில் மேலே கேம் வரை ஆயில் போய்ச் சேரத் தாமதமாகும், அது வேறு நஷ்டம். புத்தகம் அனுமதிக்கும் தடிமனுக்குள் ஒரு படி ஏறலாம், அவ்வளவுதான். ஃப்ளஷ் கதை இன்னும் மோசம். இத்தனை வருடம் படிந்த கசடு ஒரே நாளில் கட்டியாகப் பெயர்ந்து, அடியில் ஆயில் பம்பின் சல்லடையை அடைத்தால் கரும்புகை சொன்ன கதை உங்களுக்கும் நடக்கும். மூடாத வால்வை எந்த டப்பாவும் மூடாது. டப்பா விற்கிறவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, வாங்குகிறவர் மேல்தான்.

அடுத்த வேலை. இன்ஜின் ராத்திரி முழுக்க ஆறட்டும். வால்வு மூடியைத் திறந்து, 3-ஆம் சிலிண்டரை கம்ப்ரஷன் மேல்முனைக்கு, அதாவது வால்வுகள் மூடி பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடத்துக்கு, கொண்டுவந்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை விட்டுப் பாருங்கள். ஸ்க்ரூ டேப்பட் என்றால் அங்கேயே சரிசெய்யலாம். புத்தகத்தில் சொன்ன இடைவெளியை வைத்துவிட்டு மறுபடி கம்ப்ரஷன் எடுங்கள். ஏறினால் பிழைத்தீர்கள். ஏறாவிட்டால் வால்வு கரிந்துவிட்டது, ஹெட் இறங்க வேண்டும். அப்போதும் ஹெட் மட்டும்தான், பிஸ்டன் பக்கம் யாரையும் விடாதீர்கள்.

சந்தேகம் தீராவிட்டால் அதே மேல்முனையில் நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, ப்ளக் துளை வழியாகக் காற்று ஏற்றச் சொல்லுங்கள். சைலன்சரில் காதை வைத்தால் எக்ஸாஸ்ட் வால்வு "உஸ்" என்று பேசும். த்ராட்டில் பக்கம் கேட்டால் இன்டேக். ஆயில் மூடி பக்கம் கேட்டால் ரிங். ரேடியேட்டரில் குமிழ் வந்தால் கேஸ்கட். இதைவிட நேர்மையான சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

வால்வு சீலை மாற்றவும் ஹெட்டை இறக்க வேண்டியதில்லை. பிஸ்டன் மேலே வருவதற்குச் சற்று முன்னால் நிறுத்தி, ப்ளக் துளை வழியாக மெல்லிய பருத்திக் கயிற்றை உள்ளே திணியுங்கள். முனை வெளியே தொங்க வேண்டும், அதை மறந்தால் அழ வேண்டியதுதான். பிறகு கையால் கிராங்கைச் சுற்றினால் கயிறு வால்வைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். ஸ்பிரிங்கைக் கழற்றி சீலை மாற்றிவிடலாம். செய்து பழகிய கை வேண்டும்; நீங்கள் பக்கத்தில் நின்று கயிற்று முனையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

பழைய வண்டிக்காரன்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். முடிவைச் சொல்லாமல் போனால் அடுத்தவர் படித்துப் பயனில்லை என்பதால் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

3-ஆம் சிலிண்டர் எக்ஸாஸ்ட் வால்வில் 0.05 மில்லிமீட்டர் தகடுகூட நுழையவில்லை. புத்தகத்தில் போட்டிருந்தது 0.30. 4-இல் 0.10 இருந்தது, மற்ற இரண்டும் பரவாயில்லை. எல்லாவற்றையும் சரிசெய்து மறுபடி அளந்தால் 3-இல் 141. புதிய மெக்கானிக் ஒருவர் காற்று ஏற்றியும் பார்த்தார். சைலன்சரில் மிக லேசாக "உஸ்" இருக்கிறது, சீட் கொஞ்சம் கரிந்திருக்கும் என்றார். ஆனால் பி0303 போய்விட்டது, 900 கிலோமீட்டர் ஓட்டியும் திரும்பி வரவில்லை. ஐடிலிங்கில் இப்போது கண்ணாடி ஆடுவதில்லை. டேப்பட் சத்தம் லேசாகக் கேட்கிறது. முதல் நாள் அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சீல்களைக் கயிற்று முறையில்தான் மாற்றினோம். நான் முனையைப் பிடித்துக்கொண்டே நின்றேன். பழைய சீல் ஒன்று இடுக்கியில் பிடித்ததும் ஓடு மாதிரி நொறுங்கிவிட்டது. காலைப் புகை முழுதாக நின்றுவிட்டது. ஸ்டட்டைத் துளையிட்டு எடுத்து, மேனிஃபோல்டு கேஸ்கட் புதிது போட்டதும் "டிக் டிக்" கூட இல்லை. ஆயில் இன்னும் கொஞ்சம் குறைகிறது. முன்பு 900 கிலோமீட்டருக்கு முக்கால் லிட்டர் போனது, இப்போது கால் லிட்டர் இருக்கும். இன்ஜினை யாரும் இறக்கவில்லை.

பதினாலாம் நம்பர் ஸ்பானர்:

கால் லிட்டர் குடித்தால் குடிக்கட்டும், அந்த வயதுக்கு அது ஒன்றுமில்லை. குச்சியை மட்டும் வாரம் ஒருமுறை பாருங்கள்.

5,000 கிலோமீட்டர் கழித்து 3, 4 இரண்டின் டேப்பட்டையும் மறுபடி பாருங்கள். இடைவெளி அப்படியே இருந்தால் சீட் நின்றுவிட்டது. மறுபடி சுருங்கியிருந்தால் சீட் இன்னும் தேய்கிறது, அப்போது ஹெட்டை இறக்கிக் கடினமான சீட் அடித்துத்தான் தீர வேண்டும். அதற்கும் இப்போதே அவசரம் இல்லை. ஒரு நோட்டு போட்டுத் தேதி, கிலோமீட்டர், அளவு எல்லாம் எழுதி வையுங்கள்.

பழைய வண்டிக்காரன்:

நோட்டு வாங்கிவிட்டேன் ஐயா. முதல் பக்கத்தில் 172, 168, 141, 165.